மூன்றுக்கு ஐந்து அங்குலம்

ஒரே ஒரு அட்டை கொண்டுவரலாம் என்றிருக்கிறார் ஆஸ்ட்ராண்டர்.
மூன்றுக்கு ஐந்து அங்குலம், இரண்டு பக்கமும்,
சொந்தக் கையெழுத்து.
பூதக்கண்ணாடி கூடாது.
போன வருடம் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

கோடி லிண்ட்குவிஸ்டுக்குப் பத்தொன்பது வயது.
அவன் எழுத்தைப் படித்தால் எறும்புக்கும் கண் வலிக்கும்.
பா ஞியாவிடம் நான்கு நிறப் பேனா.
எனக்கு நாற்பத்தொன்று.
கப்பல் தகட்டில் சுண்ணக்கட்டியால் எழுதிப் பழகிய கை.
கெப்ளரின் மூன்றாம் விதி போட்டதுமே
அட்டையில் பாதி போயிற்று.

நூலகத்து மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே சுப்பீரியர் ஏரி,
அதன்மேல் செப்டம்பரிலிருந்து நகராத மேகம்.
இந்தப் பருவத்தில் நாங்கள் பார்த்த நட்சத்திரமெல்லாம்
புரொஜெக்டரில்தான்.

“சிவப்புதானே சூடு?” என்கிறான் கோடி.
“குழாயில் அப்படித்தானே போட்டிருக்கிறது.”
நான் சிரித்தேன்.
பதினெட்டு வருஷமாக இரும்பைக் காய்ச்சுகிறேன், தம்பி.
சிவப்பு சோம்பேறிச் சூடு.
அதற்குமேல் ஆரஞ்சு, வைக்கோல் நிறம், வெள்ளை.
நீலத்தை முகமூடியில்லாமல் பார்த்தால்
அன்றிரவு கண்ணில் மணல் கொட்டிக்கிடக்கும்.
பா ஞியா பச்சைப் பேனாவில் எழுதிக்கொண்டாள்:
சிவப்பு = சோம்பேறி.

பிறகு அவளே கேட்டாள்:
“அப்படியென்றால் சிவப்பு ராட்சத நட்சத்திரம்?
சோம்பேறிக்கு எப்படி இத்தனை வெளிச்சம்?”

ஆரத்தின் வர்க்கம், வெப்பநிலையின் நான்காம் அடுக்கு.
சத்தமாக வாசித்தேன்.
வாய்க்குத் தெரிந்தது.
மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஷிப்ட்.
உலர்துறையில் ஒரு தாதுக் கப்பல்,
வயிற்றைத் திறந்துபோட்டபடி.
ராய்ஸ் பன்னிரண்டடித் தகட்டை வளைக்கக்
காய்ச்சிக்கொண்டிருந்தான், மங்கிய சிவப்பாக.
நான் ஒரு மூலையில் மண்டியிட்டிருந்தேன்.
என் வில்லின் நுனி மிளகளவு.
சூரியனின் தோலுக்கு நிகரான சூடு என்பார்கள்.
அது கைக்கெட்டும் தூரத்தில் எரிய,
என் இடது காது விறைத்துப்போயிருந்தது.
முதுகு மட்டும் வெதுவெதுவென்று.

திரும்பிப் பார்த்தேன்.
பட்டறையே அந்தச் சோம்பேறித் தகட்டைச் சுற்றி நின்று
கைகாய்ந்துகொண்டிருந்தது.
என் மிளகிடம் ஒருவனும் வரவில்லை.

அட.
பெரிதாக இருந்தால் போதுமா.
கையுறையைக் கழற்றி
மின்வாய் டப்பாவின் அட்டையில் கிறுக்கினேன்,
மறப்பதற்குள்.

பதினொன்று இருபதுக்குச் சாப்பாடு.
கவிழ்த்த பெயின்ட் வாளி, டூனா சாண்ட்விச், மடியில் பாடப்புத்தகம்.
மேகம் கொஞ்சம் கிழிந்திருந்தது.
ஏரிக்கு மேலே அரை நிலா ஏறியது,
துருப்பிடித்த கிண்ணம் மாதிரி.
என்னை ஏன் தொந்தரவு செய்கிறாய் என்றேன்.
நிலா இரண்டாம் பாடம்.
குழந்தைகளுக்கானது என்று
செப்டம்பரிலேயே மூடி வைத்திருந்தேன்.

காலை எட்டு மணி. நாற்பது கேள்வி.
சிவப்பு ராட்சதன் வரவேயில்லை.
வில்லும் இல்லை, தகடும் இல்லை.
நிலாவில் மட்டும் ஏழு.

இருபத்துமூன்று:
தேய்பிறை அரை நிலா எப்போது உதிக்கும்?

அட்டையைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன்.
பக்கத்தில் கோடி பென்சிலைக் கடிக்கும் சத்தம்.
என் கையில் இன்னும் டூனா வாசனை.

‘நடு இரவு’ என்று எழுதினேன்.
கோடுபோட்ட இடத்துக்கு வெளியே, சின்னதாக:
‘நேற்று பதினொன்று இருபது. பார்த்தேன்.’

அதற்கு மதிப்பெண் கழிப்பாரோ என்னவோ.

வாகன நிறுத்தத்தில் பா ஞியா காத்திருந்தாள்.
“உன் ராட்சதன் ஏமாற்றிவிட்டானே,” என்றாள்.
இறுதித் தேர்வில் வருவான் என்றேன்.
அவள் தலைக்குமேல் மேற்குப் பக்கமாக
யாரோ அணைக்க மறந்த பட்டறை விளக்குபோல
அது இன்னும் இருந்தது.
காட்டினேன். விரல்விட்டு எண்ணினாள்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்,
காரை எடுத்தாள்.

அட்டை சட்டைப்பையில்.
பின்பக்கக் கீழ்மூலையில்
நகக்கண் அளவு இடம் விட்டிருக்கிறேன்.
இப்போதுதான் பார்க்கிறேன்.